புல்வெளியில் நின்று சிரித்தவர்கள்

போன சனிக்கிழமை மதியம் எங்கள் புறநகரான கிரெய்கிபர்னில் மாலதி வீட்டில் விருந்து. நான்கு குடும்பங்களுக்குச் சாம்பார், வத்தக்குழம்பு, இரண்டு பொரியல், வடை, பாயசம்... ஒற்றை ஆளாகச் சமைத்திருந்தாள். அவள் கணவர் சேகர் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க இன்ஜினியர். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. இது அவர் அங்கே இருக்கும் வாரம்.

டிவியில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. போதாதா நம் ஆண்களுக்கு? தட்டோடு சோபாவில் உட்கார்ந்தபடியே ராக்கெட் விட ஆரம்பித்துவிட்டார்கள். "நிலாவுல நடந்த படம் உலகத்துக்கே போனது நம்ம ஆஸ்திரேலிய ஆன்டெனா வழியாத்தான்" என்றார் என் வீட்டுக்காரர். குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் 'நம்ம'.

திரையில் ஒரு பழைய காட்சி. வீட்டு முன்னால் புல்வெளியில் ஓர் இளம்பெண், குழந்தைகளோடு. சுற்றிலும் கேமராக்கள். கணவன் மேலே எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறான். பெருமையாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு குழந்தையின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

வீரர்கள் தரைக் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசுவதைக் குடும்பத்தார் கேட்பதற்காக, வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வைப்பார்களாம். கேட்கலாம், பேச முடியாது. ஒரு முறை விண்கலம் தாறுமாறாகச் சுழன்றபோது, அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டார்களாம். மேலே என்ன நடக்கிறது என்று வீட்டில் இருந்த மனைவிக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் ப்ரோட்டோகால்" என்றார் ஒருவர், அப்பளத்தை உடைத்தபடி.

மாலதி எழுந்து கிச்சனுக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள் — அடுப்பு எரியவே இல்லை.

"என்ன மாலதி?"

"நேத்து காலையிலேருந்து அவர்கிட்ட பேச முடியலக்கா. அங்க சைக்ளோன். லைன் எல்லாம் போயிடுச்சு. கம்பெனில கேட்டா, தகவல் வந்ததும் சொல்றோம்கிறாங்க."

"அப்புறம் எதுக்கும்மா இந்த விருந்து?"

"கேன்சல் பண்ணினா ஏன்னு கேட்பீங்க. சொன்னா, அரை மணி நேரத்துல திருச்சிக்குப் போயிடும். அம்மாவுக்கு பி.பி. இருக்குக்கா."

சிரிப்பதா, அழுவதா? கணவன் எப்படி இருக்கிறான் என்று தெரியவில்லை. அது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று ஊருக்கே வடை சுட்டிருக்கிறாள்.

ஆனால் நாம் எல்லோருமே இப்படித்தானே? இங்கே வேலை போனால் ஊருக்குச் சொல்வதில்லை. ஆபரேஷன் என்றால், முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சொல்கிறோம். வீடியோ காலில் எப்போதும் நாம் நல்லா இருக்கிறோம். நமக்கும் ஒரு புல்வெளி இருக்கத்தான் செய்கிறது.

அந்த நேரம் பார்த்து மாலதியின் போன் அடித்தது. திருச்சியிலிருந்து அம்மா. அங்கே காலைக் காப்பி முடிந்ததும் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறவர். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை ஊறுகாய் ஜாடியின் மேல் சாய்த்து வைத்தாள். சிரித்தாள். டிவியில் பார்த்த அதே சிரிப்பு.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காரும்மா. ட்யூட்டி."

அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"சிரிச்சது போதும்டி. என்ன ஆச்சு, சொல்லு. உங்கப்பா குவைத்ல இருந்தப்போ ஊருக்கு முன்னாடி நானும் இப்படித்தான் சிரிச்சேன்."

மாலதி உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பதறவில்லை. "போனை வைக்காத. நீ உன் வேலையைப் பாரு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஊறுகாய் ஜாடியில் சாய்ந்தபடி கிச்சனிலேயே இருந்தார். விஷயம் ஹாலுக்கு எட்டியதும் ராக்கெட் பேச்சு நின்றுபோனது. என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தார். அந்த மனிதருக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி.

வெயில் தாழ்வதற்குள் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. யாருடைய சாட்டிலைட் போனையோ வாங்கிப் பேசினார் சேகர்.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் கேம்ப்லதான் இருக்கோம். நீ சாப்பிட்டியா?"

இந்தக் கேள்விக்குத் தினமும் ஒரே பதில்தான்: ஆமா, சாப்பிட்டாச்சு. அன்றைக்கு மாலதி, "இல்ல. நேத்திலேருந்து பயத்துல எதுவும் இறங்கல" என்றாள்.

விண்வெளிக்குப் போய் வந்தவர்களுக்கு மெடலும் ஊர்வலமும் கிடைத்தன. அவர்கள் திரும்பும்வரை கேமரா முன்னால் சிரித்த பெண்களிடம், சாப்பிட்டாயா என்றாவது யாராவது கேட்டார்களா?

இதையெல்லாம் எழுதலாமா என்று மாலதியிடம் கேட்டேன்.

"தாராளமா எழுதுங்கக்கா. அம்மாவுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. மாமியார் படிப்பாங்க... பேரை மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.