துண்டுக்குள் நாலு விரல்

1. சமூக அறிவியல் சார் வகுப்பில் செய்தி போட்டுக் காட்டினார்.
2. அவரவர் வீட்டிலிருந்து ஒரு செய்தி பதிவு செய்துவரச் சொன்னார்.
3. நான் எழுதினேன். அக்கா வாசித்தாள்.
4. அப்பா மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார்.
5. மாடுகளோடு திரும்பி வந்தார்.
6. அக்கா நர்சிங் படிக்கப் போகவில்லை.

நான் இப்போது ஒரு சோலார் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஏதாவது ஒரு பேனல் வரிசை நின்றுபோனால், காரணம் தேடுவதற்கு முன்னால் நடந்தவற்றை நேரப்படி எழுதிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதிப் பார்த்தேன். ஆறு வரிகளும் சரியாகவே இருக்கின்றன. மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒரு கோடு போகிறது என்று தெரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் கோடு தெரிய மேலும் சில வருஷங்கள்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் எங்கள் ஊர். பருத்தியும் கம்பும் போடுவோம். மழை வந்தால் விளையும். சார் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தார். காலை ரேடியோச் செய்தியைப் பதிவு செய்து கொண்டுவந்து வகுப்பில் போடுவார். வெங்காய விலை ஏறியது, லாரிகள் ஓடவில்லை, எங்கோ ஓர் ஆலையில் ஆட்குறைப்பு. பாதியில் நிறுத்திவிட்டு, இதில் இருக்கும் பொருளியல் கருத்து என்ன என்று கேட்பார். தேவை, அளிப்பு, பணவீக்கம் என்று நாங்கள் கத்துவோம். ஒருநாள் தங்கம் விலை ஏறிய செய்தி ஓடியபோது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், எங்க வீட்டுல பொட்டுத் தங்கங்கூடக் கெடையாது. எனக்கு இந்தப் பாடத்துல விலக்கு குடுத்துருங்க” என்றாள். சாரும் சேர்ந்து சிரித்தார். பாடம் பிடித்துப்போனதற்கு அந்த மாதிரிச் சிரிப்புதான் காரணம்.

வாய்ப்புச் செலவு என்பதை அவர் நடத்தியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எதைக் கைவிடுகிறோமோ, அதுதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான விலை. அதற்குப் பொருத்தமான செய்தியை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும். நல்லதைப் பெற்றோர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போடுவேன் என்றார்.

மற்றவர்கள் செய்தி தேடி அலைந்தார்கள். எனக்கு வீட்டிலேயே தயாராக இருந்தது. அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். அதற்காக அப்பா உழவு மாட்டுச் சோடியை வியாழக்கிழமைச் சந்தையில் விற்பதாக முடிவு. மாடா, படிப்பா? இதைவிடப் பொருத்தமான வாய்ப்புச் செலவு அந்த வட்டாரத்தில் யாரிடமும் இருந்திருக்காது.

திருப்பூரில் இருந்த மாமா தன் பழைய போனை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அது வீட்டுக்குள் வந்த அன்றே அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “வீட்டுச் சேதி ஒண்ணு இது வழியா வெளிய போச்சுன்னா, பள்ளிக்கூடம் அன்னைக்கோட சரி. ரெண்டு பேருக்குந்தான்.” அப்பா சொன்னால் சொன்னதுதான். பெரிய அத்தையோடு ஒரு கல்யாண வீட்டில் பேச்சை நிறுத்தியவர், அத்தை இறந்த அன்றுதான் அந்த வீட்டு வாசலை மிதித்தார். ஆனால் பள்ளிக்கூடத்துக்கென்று செய்வது வெளியே போவதில் சேராது என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டோம்.

மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்தோம். நான் எழுதியதை அக்கா ரேடியோக் குரலில் வாசித்தாள். நம் ஊர் விவசாயி ஒருவர் மூத்த மகளின் படிப்புக்காகத் தம் மயிலை மாடுகளை விற்க முடிவு செய்துள்ளார். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் இந்தச் சந்தையிலேயே விற்றாக வேண்டிய நிலை. அறுபதாயிரம் எதிர்பார்த்தாலும் நாற்பத்தைந்து வந்தால் கொடுத்துவிடுவார் என்று வீட்டு வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. ‘வீட்டு வட்டாரங்கள்’ என்ற இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்து நான்கு தடவை திரும்ப வாசித்தாள். பின்னணியில் மாட்டு மணி கேட்டது. சார் ஐந்துக்கு ஐந்து போட்டு, சொன்னபடியே குழுவிலும் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் குழுவில் இருந்தது அக்காவின் போன் மட்டும்தான்.

எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவர் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு, வாங்குபவர் உள்ளே கைவிட்டு விரலைப் பிடிப்பார். ஒரு விரலுக்குப் பத்தாயிரம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. இதை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். இந்தக் காலத்தில் எதற்கு இந்த ஒளிவுமறைவு, தகவல் எல்லோருக்கும் சமமாகப் போய்ச்சேர வேண்டாமா என்று எனக்குத் தோன்றும். சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் நானும் அக்காவும் பால் வாங்க பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனோம். கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. பெஞ்சில் இருந்த ஒருவர் போனில் எங்கள் செய்தியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நான்கைந்து பேர். “ஏலே, இது மூணாங் கை மாறி எனக்கு வந்துச்சு. நேத்துச் சாயங்காலமே தரகு ஆளுகளுக்கெல்லாம் போயிருச்சு” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் குதித்தேன். நம் செய்தி இவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று அக்காவின் கையைப் பிடித்து ஆட்டினேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் அப்பா மாடுகளோடு வந்தார். தண்ணீர் காட்டி, கட்டிப்போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“எவன் கைய விட்டாலும் நாலு வெரலு. அதுக்கு மேல ஒரு வெரலு அசையல. சொல்லி வச்ச மாதிரி.”

விளக்கு வைக்கும் நேரத்துக்கு உள்ளூர்த் தரகர் வந்தார். அப்பாவை மச்சான் என்று கூப்பிடுகிறவர். நாற்பத்திரண்டுக்கு ஓர் ஆள் இருக்கிறது, இப்போதே பணம் கைக்கு வரும் என்றார். அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டி, மீதி மூன்றுக்குத் தோட்டை அடகு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா மசியவில்லை. அறுபது போகிற மாடு, இன்றைக்குச் சந்தை மந்தம், அடுத்த வாரம் ஏறும், காலேஜில் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

“இது ஏறாது மச்சான். வெல ஊருக்கே தெரிஞ்சு போச்சு” என்றார் தரகர்.

“எப்படித் தெரியும்? நான் எவன்கிட்டயும் வாயத் தெறக்கலையே” என்றார் அப்பா.

தரகர் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அப்பா” என்று மட்டும் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பா அவள் பக்கம் திரும்பினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மறுநாள் வகுப்புக்காக நோட்டில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணுமில்லப்பா. அடுத்த சந்தையே பாருங்க” என்றாள்.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, நான் வாரேன்” என்று போய்விட்டார்.

காலேஜில் ஒரு வாரம் தவணை கொடுக்கவில்லை. அடுத்த சந்தையில் மாடுகளுக்கு மூன்றரை விரல்தான் பிடித்தார்கள். தீவனம் தட்டுப்பாடான மாதத்தில் அதற்கும் குறைவாகப் போயின. அக்கா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். ஊருக்குள் வரும் மில் வேனில் அவள் ஏறிய முதல் நாள், எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அப்பா மாட்டைக் கொடுத்திருப்பார், இவளுக்குத்தான் படிக்க ஆசை இல்லை என்று நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அக்கா காதிலும் அது விழுந்தது.

அவள் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் விலை எப்படி வெளியே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவின் நிபந்தனை இரண்டு பேருக்குமாக இருந்தாலும், அக்காவுக்குப் பள்ளிக்கூடம் ஏற்கனவே முடிந்திருந்தது. நிறுத்துவதற்கு மிச்சம் இருந்தது என் படிப்பு மட்டும்தான். வாய்ப்புச் செலவுக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அட்டவணைக்குக் கோடு கோணாமல் வர வேண்டும் என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

இப்போது நிலவரம் இது. சார் மாற்றலாகிப் போய்விட்டார். போன ஊரிலும் புது வகுப்புகளுக்கு எங்கள் செய்தியைப் போட்டுக் காட்டுவதாகப் போன வருஷம் எனக்கு எழுதியிருந்தார். என் இன்ஜினியரிங் படிப்பின் முதல் இரண்டு வருஷக் கட்டணம் அக்காவின் மில் சம்பளத்தில் கட்டப்பட்டது. அப்பாவுக்கு அன்றைய சந்தை ஏன் மந்தமாக இருந்தது என்று இன்னும் தெரியாது. யாராவது மாடு பற்றிப் பேசினால் அந்த நாலு விரலைச் சொல்லிக்காட்டுவார். நான் அக்காவிடம் ஒருமுறை இதைப் பேச ஆரம்பித்தேன். “எந்தச் செய்தி? எனக்கு ஞாபகமில்லையே” என்றாள். பதிவு என் போனில் இருக்கிறது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். அதே மில்லில்தான் இருக்கிறாள். இந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிப்டு.