கொபாய் என்றால் செல்லப்பிள்ளை

கொதிக்கிற தண்ணீருக்குள் கண்ணாடிச் சிரிஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க வழியில்லை. இப்போது ஊசி பொட்டலத்தில் வருகிறது, ஒரு முறை குத்திவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். என் சிறு வயதில் அது மூடிபோட்ட எனாமல் பெட்டியில் வெந்தது. கல்யாண வீட்டுப் பின்கட்டில் யாரோ கண்ணாடி டம்ளர் கழுவுகிற மாதிரிக் கலகலவென்று அந்தச் சத்தம் எழுந்ததும், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு சிறுமிகளும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். என் அக்கா செலின் மட்டும் பிடித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு அதில் ஒரு கௌரவம் இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு ஓரிரு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பாவுக்கு மில்லில் வேலை. அக்காவுக்குப் பதினோரு வயது, எனக்கு ஒன்பது. அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் இரண்டு கட்டிகள் வந்தன, கூடவே விடாத இருமல். பெரிய வாய்க்காலைத் தாண்டிப் போனால் வெள்ளையடித்த ஒரு சிறு மருந்தகம் இருந்தது. அங்கே வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர், எங்கள் பேச்சில் "தொக்தேர்", இப்படிக் கட்டி வந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் புது ஊசி போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். ஊசிக்கு ஒரு வட்ட "பிஸ்கோத்து", மாதத்துக்கு ஒரு டின் பால்மாவு. கையெழுத்து என்று யாரும் எதையும் கேட்கவில்லை. ஊசியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சம்மதப் பத்திரம் அவ்வளவுதான்.

தொக்தேர் சிடுமூஞ்சி அல்ல. உள்ளே வரும்போதே பெஞ்சைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து ஏதோ பிரெஞ்சில் சொல்வார். அதில் "கொபாய்" என்ற ஒரு சொல் மட்டும் எங்கள் காதில் தங்கியது. ஒரு நாள் அம்மா, அவர் சொல்வதைத் தமிழில் சொல்லும் கம்பவுண்டரிடம் கேட்டாள்.

"கொபாய்னு சொல்றாரே, அப்டின்னா இன்னாங்க?"

கம்பவுண்டர் பஞ்சைக் கிள்ளிக்கொண்டே, "செல்லப்புள்ளைன்னு அர்த்தம்மா" என்றார். அவருக்குத் தெரியாமல் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று அரை நூற்றாண்டாக யோசிக்கிறேன். தெரியாமல் சொன்னார் என்றால் அவரை மன்னித்துவிடலாம். அதனால்தான் தெரிந்தே சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து செலின் எங்கள் தெருவுக்கே கொபாய். "எங்கடி கொபாய காணும்?" என்று அம்மா கூப்பிடுவாள். பக்கத்து வீட்டு தனம் சித்தி, "வாடியம்மா தொரைவூட்டு கொபாய், எங்க ஊட்டு கூழெல்லாம் ஒனக்கு எறங்குமா?" என்று சீண்டுவாள். செலின் கழுத்தை நீட்டிக்கொண்டு நடப்பாள். கட்டிகள் உண்மையிலேயே கரைந்துகொண்டிருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். மருந்தகத்திலிருந்து திரும்பும் வழியில் செலின் பாலத்தின் மேல் நின்றுவிட்டாள்.

"லேனு, காதுக்குள்ள சில்வண்டு கத்திகினே கீதுடி."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் கொபாய் இல்ல. ஒனக்கும் பிஸ்கோத்து இல்ல."

பிஸ்கோத்தில் பாதி எனக்கு வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் தொக்தேருக்குத் தெரிந்தது. அடுத்த செவ்வாயன்று அவர் எஃகில் செய்த இரட்டைக் கவை ஒன்றைத் தட்டி ரீங்கரிக்க விட்டு, செலினின் காதுக்குப் பின்னால் வைத்தார். இந்தக் காது, அந்தக் காது, மறுபடி இந்தக் காது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் அதை நம்பவில்லை. நீல அட்டை போட்ட நோட்டில் அவள் பெயருக்கு நேராக இரண்டு வரி எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்; பள்ளியில் கற்ற கொஞ்சம் பிரெஞ்சில் 'காது' என்ற சொல் புரிந்தது. எழுதி முடித்து, மை ஒற்றி, நோட்டை மூடிவிட்டு, அடுத்த ஊசியைப் போடச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமையும் போட்டார்கள். அதற்கடுத்த செவ்வாயும் போட்டார்கள். காது கெடுகிறது என்று எழுதி வைத்த கையேதான் ஊசிக்கும் சைகை காட்டியது. என் கோபத்தின் முழு விலாசமும் அந்த இரண்டு வரிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் செலின் திரும்பவில்லை. அம்மா எல்லா அம்மாக்களும் செய்வதைச் செய்தாள்: நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, மூன்று நாள் காதில் விட்டாள். பலனில்லை என்றதும் அவளை இழுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினாள்.

"எண்ண ஊத்துனியாம்மா?" என்றார் கம்பவுண்டர்.

"பொறுக்கற சூட்டுலதாங்க முசே. என் கையில வெச்சுப் பாத்துட்டுதாங்க..."

தொக்தேர் தலையை ஆட்டிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கம்பவுண்டர் அதைச் சுருக்கித் தந்தார்: "காது சவ்வு வெந்து போச்சுங்கறாரு. ஒங்க ஊட்டு வைத்தியத்தால நல்லா இருந்த பொண்ண கெடுத்துட்டீங்க."

நீல நோட்டு மேசைமேல்தான் இருந்தது. அதைத் திறந்து தேதியைக் காட்டினால் போதும். எனக்கு வயது ஒன்பது, எதிரே தொக்தேர், வாயில் பழைய பிஸ்கோத்தின் குற்றம். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

அதோடு ஊசி நின்றது. சில மாதங்களில் அந்த மருந்தகமும் மூடிக்கொண்டது. செலினுக்கு இரண்டு காதும் முழுக்கப் போயின. அம்மா அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவில்லை. தனம் சித்திதான் வந்து காய்ச்சித் தருவாள். மாதா கோயிலில் மற்றவர்கள் பாவசங்கீர்த்தனத்தை ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். அம்மா சாமியாரிடம் என்ன சொல்வாளோ, மண்டியிட்ட இடத்திலிருந்து எழவே மாட்டாள்.

எனக்குப் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடத்துக்காக ஒரு வண்ணப்படத்தைச் சுவரில் மாட்டினார்கள். வாலில்லாத கொழுத்த எலி மாதிரி ஒரு பிராணி. கீழே பிரெஞ்சில் அதன் பெயரை என்னைப் படிக்கச் சொன்னார் ஆசிரியை. படித்தேன். கொபாய். சோதனைச் சாலைகளில் புது மருந்துகளை முதலில் இதற்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அவர் விளக்கிக்கொண்டு போனார். வகுப்பு அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. நான் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்: சில்வண்டு, கவை, நோட்டில் எழுதியது, அப்புறம்தான் எண்ணெய். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அவ்ளோ படிச்சவரு பொய் சொல்லுவாரா? நீ அப்ப பால்குடி. ஒனக்கு இன்னாத்த தெரியும்?" என்றாள். முறத்தைத் தட்டிக்கொண்டே, "இத அவகிட்ட சொல்லிகினு திரியாத. புள்ளைக்கி அந்தப் பேரு ஒண்ணுதான் சந்தோஷம்" என்றாள்.

வருடங்கள் கழித்து, காது கேளாதவர்களுக்கு அரசாங்க அடையாள அட்டை தருகிறார்கள் என்று செலினை அழைத்துப் போனோம். அப்போது நானே ஓர் அரசு அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் இருந்தேன். அட்டையின் பின்பக்கம் "காரணம்" என்று ஒரு கட்டம். எழுத்தர் நிமிராமலே கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அம்மா சொன்னாள்: "நான்தாங்க. காய்ச்சன எண்ணய ஊத்திட்டேன்." அவர் அதை அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பேருந்தில் அரைக் கட்டணத்துக்காக ஒரு தாய் தன் குற்றத்தை அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டாள். செலின் அந்த வரியை முப்பது வருடம் கைப்பையில் சுமந்தாள். நம்பவும் செய்தாள். அம்மா அதை நம்பியபடியே செத்தாள்.

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில், தேங்காய்த்திட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் செலின் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். விக்டோரின். அதே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஏலக் கூச்சலுக்கு நடுவில் அவள் விரல்களால் விலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. நான் கையை வைத்துக் காதில் எதையோ ஊற்றுவதுபோலக் காட்டிக் கேட்டேன். அவள் உரக்கச் சிரித்தாள். "எண்ணயா? எங்க ஊட்ல கொழம்புக்கே எண்ண இல்ல!" என்றாள். பிறகு தன் இடுப்பில் ஊசி போடுகிற இடத்தைத் தட்டிக் காட்டினாள். ஒரு காது மருத்துவரிடம் கேட்டேன். அந்தக் கால ஊசிகளில் சில காது நரம்பைக் கெடுக்கும், முதலில் காதில் இரைச்சல்தான் வரும், ஆறவைத்த எண்ணெய் அதைச் செய்யாது என்றார். அவருக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது.

ஆகவே அட்டையில் அந்த ஒரு வரியைத் திருத்தக் கிளம்பினேன். வழிமுறை எனக்கு மனப்பாடம். திருத்தத்துக்கு மனு, மனுவுக்கு ஆதாரம், ஆதாரத்துக்கு மூல ஆவணம். மூல ஆவணம் என்றால் நீல நோட்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. பத்து ரூபாய் கட்டி, ஐந்து கேள்விகள் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பதாம் நாள் பதில் வந்தது. விதியைக் கடைப்பிடிக்கிறவர்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. "தாங்கள் கோரும் பதிவேடு இவ்வலுவலகத்தில் காணக் கிடைக்கவில்லை."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் வாக்கியம். இருபத்தெட்டு வருடப் பணியில் எத்தனை பேருக்கு அதைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் பாதிப் பேருக்கு நான் அலமாரியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மேல்முறையீடு செய்தேன். "இல்லை" என்பது "இல்லவே இல்லை" என்று திரும்பி வந்தது.

ஆராய்ச்சிக்கு நான் எதிரி அல்ல. தினமும் காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். அங்கே என் வயதுக்காரர்கள், வெந்தயம் ஆராய்ச்சியில் நிரூபணமானது, கைதட்டிச் சிரிப்பது ஆராய்ச்சியில் நிரூபணமானது என்று ஒருவருக்கொருவர் ஆயுளை நீட்டித்துக்கொள்கிறார்கள். யாரை வைத்து நிரூபித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் மாத்திரையை எனக்கு முன்னால் யாரோ விழுங்கிப் பார்த்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டார்களா, காது இரைந்தபோது நிறுத்தினார்களா, அவர் அம்மாவிடம் என்ன சொன்னார்கள்? இதைக் கேட்டால், "ஒங்களுக்கு பிபி ஏறிடும் மேடம், விடுங்க" என்கிறார்கள்.

மேல்முறையீட்டின் பதில் வந்த அன்று, செலினுடன் பேசுவதற்கு வைத்திருக்கும் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி நீட்டினேன். கொபாய் என்றால் என்ன என்பதையும் எழுதினேன். சோதனை எலி. அறுபது வயதுக்கு மேல் ஒருத்தியின் செல்லப்பெயரைப் பிடுங்குவது லேசான காரியமல்ல. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள். தன் குரலின் அளவு தெரியாத உரத்த குரலில் கேட்டாள்:

"அப்ப அம்மா இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீ அப்பவே பாத்தியா, அந்த ஆளு எழுதனத?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள், என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"அடிக்காதக்கா! அட்டை செல்லாம பூடும்!" என்று கத்தினேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் அம்மாவின் வரியைக் குறுக்கே இரண்டு முறை அழுத்தி அடித்துவிட்டு, அதற்கு மேலே நிதானமாகக் "கொபாய்" என்று எழுதினாள்.

மருந்தகம் இருந்த கட்டடம் இப்போது மஞ்சள் பூச்சு பூசிய விடுதி; வாசலில் போகன்வில்லா. சுற்றுலா வருகிறவர்கள் அதன் கதவில் சாய்ந்துகொண்டு படமெடுக்கிறார்கள். எனாமல் பெட்டி இல்லை, நீல நோட்டு இல்லை, தனம் சித்தியும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி அக்காவைக் கூப்பிட இன்று ஒரு வாயும் மிச்சமில்லை.

போன வாரம் சாரம் பகுதிக்குப் போக இருவரும் பேருந்து ஏறினோம். செலின் வழக்கம்போல அட்டையை நீட்டினாள். இளவயதுக் கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, அடிச்சி எழுதிகீது? கொபாயா? அது இன்னா வியாதி?"

நான் என் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் உதட்டைப் படித்துவிட்டாள்.

"சோதனை எலி!" என்றாள், பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.

கண்டக்டர் அடித்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்கும் முழு டிக்கெட் கிழித்தார். விதிப்படி அவர் செய்தது சரி.