சாமி இறங்காத பின்னேரம்

எங்கள் அண்ணா குடிகாரன் இல்லை என்பதற்கு எங்கள் குடும்பத்திடம் பலமான ஆதாரம் ஒன்று இருந்தது. கார்த்திகை பிறந்ததும் அவர் ஐயப்பனுக்கு மாலை போடுவார். போட்டால், மலைக்குப் போய்த் திரும்பி வந்து மாலையைக் கழற்றும் வரை ஒரு சொட்டும் தொடமாட்டார்.

"குடிக்கு அடிமையான மனுசன் எண்டா இப்பிடி விரதம் இருக்கேலுமோ?" என்று அண்ணி கேட்பார். ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் வரை அந்தக் கேள்வியோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரேயோர் உதாரணத்தைக் காட்டி எதையும் நிறுவ முடியாது என்று வருடா வருடம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்கிறவள். அதை ஒரு தடவை அண்ணியிடமும் சொன்னேன். "உங்கட கணக்கை உங்கட பள்ளிக்கூடத்தில வச்சுக்கொள்ளுங்கோ" என்றார். வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய ஃபிளாட். நான் போகும்போதெல்லாம் நல்ல மீன் வாங்கிச் சமைத்துத் தருகிற அண்ணி. அதற்கு மேல் நான் கதைக்கவில்லை.

மாலை கழற்றும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபரிமலைக் குழு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும். அங்கே வரியில்லாக் கடையில் அண்ணா ஒரு போத்தல் வாங்குவார். அப்போது கழுத்தில் மாலை இருக்கும், இடுப்பில் கறுப்பு வேட்டி இருக்கும். நேராகக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்க் குருசாமி கையால் மாலையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பார். வாங்கியது மாலையோடு, திறந்தது மாலை இல்லாமல். எங்கள் அண்ணா விதி மீறாத மனிதர்.

துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. கெட்டிக்காரர் என்று பெயர். முதலில் வேலை முடிந்து வந்து குடித்தார். பிறகு வேலைக்குப் போகுமுன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் சாராயக் கடைகளில் கூட்டம் நெரியும், ஏனென்றால் போயாவன்று எல்லாம் பூட்டு. அந்தக் கூட்டத்தில் அண்ணாவைப் பார்க்காத வெள்ளவத்தைக்காரர் குறைவு. வீட்டில் முகம் வழிக்கிறதை விட்டுவிட்டு ஒழுங்கையில் இருந்த சலூனுக்குக் காலையிலேயே போகத் தொடங்கினார். வசதி வந்துவிட்டது, பெரிய மனுசனாகிவிட்டார் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். கை நடுக்கத்தில் சவர அலகைப் பிடிக்க முடியாமல்தான் போனார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

விரதம் என்பது இந்தக் குடி வருத்தத்துக்கு எவ்வளவு நல்ல போர்வை என்று இப்போது யோசித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மாலை போட்டவர் சவரம் செய்யக்கூடாது, ஆகவே சலூன் கேள்வி இல்லை. விடியப் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், ஆகவே நடுங்குவார். சாப்பாடு குறைவு, நித்திரை குறைவு, கோபம் அதிகம். எல்லாவற்றுக்கும் சாமி பெயரில் ஒரு காரணம் தயாராக இருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் மாலை போட்ட முதல் கிழமை முழுக்கக் காய்ச்சல் மாதிரிக் கிடந்தார். குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி இஞ்சி அவித்துக் கொடுத்தார்.

போன வருடம் மாலை போட்ட மூன்றாம் நாள் அண்ணாவின் ஃபிளாட்டில் பஜனை வைத்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து குருசாமி வந்திருந்தார், அவரோடு கறுப்பு வேட்டிச் சாமிமார் கொஞ்சப் பேர். மேல்மாடி மாமியும் வந்து சுவரோரம் இருந்தா. மின்விசிறியை நிறுத்தி, விளக்கு ஏற்றி, பாட்டுத் தொடங்கியது. சரணம் சொல்லச் சொல்ல அண்ணாவுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. முதலில் கை, பிறகு தோள், பிறகு முழு ஆளும்.

"சாமி வந்திட்டுது!" என்றா மேல்மாடி மாமி.

பாட்டின் வேகம் கூடியது. ஒருவர் ஓடிப்போய் அண்ணாவின் நெற்றியில் திருநீறு பூசினார். அண்ணியின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பெருமை. இத்தனை வருட விரதத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம். மேல்மாடி மாமி குனிந்து அண்ணாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மகனின் கனடா விசா இந்தமுறை சரிவருமா என்று கேட்டா. அண்ணா சுவரைக் காட்டி, "எறும்பு, எறும்பு, எல்லா இடமும் ஊருது" என்றார். எறும்பு ஊருகிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக அலுவல் நடக்கும் என்று அர்த்தம் என ஒரு சாமி விளக்கம் கொடுத்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டா.

பாட்டு முடிந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அந்த இடத்தில் சாமி இறங்க வேண்டும். யாருக்கு வந்தாலும் அப்படித்தான், ஆள் துவண்டு விழுவார், தண்ணீர் குடிப்பார், என்ன நடந்தது என்று கேட்பார். அண்ணாவுக்கு இறங்கவில்லை. அவர் சட்டையில்லாத நெஞ்சிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். வியர்வையில் பாய் நனைந்திருந்தது. நான் கிட்டப் போய், "அண்ணா" என்றேன். என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. சாமி வந்தவர்களின் கண்ணை நான் கோயில்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பயந்த கண்ணைப் பார்த்ததில்லை.

"இது சாமி இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றேன். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மாலையோடயோ? அங்க எல்லாம் தீட்டு. என்ன கதை கதைக்கிறீங்கள்?" என்று அண்ணி அழத் தொடங்கினார்.

குருசாமி அண்ணாவின் முன்னால் சப்பணமிட்டு இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை மந்திரம் சொல்லி, அண்ணாவின் கழுத்திலிருந்து மாலையைத் தானே கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தார். "ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரும்மா. சீக்கிரம் கொண்டு போங்க" என்றார். அந்தக் குழுவில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அன்றிலிருந்து அவர்தான்.

காலி வீதி நெரிசலில் வேன் நகர்ந்து நகர்ந்து பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அண்ணாவுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. அண்ணி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு சரணம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் சொல்ல ஆசையாக இருந்தது, வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில் முதல் கேட்ட கேள்வியே குடிப்பாரா என்பதுதான். "நே டொக்டர்" என்றார் அண்ணி. இல்லை, சாமிக்கு விரதம் இருக்கிறார், மச்சம் மாமிசம் கூடத் தொடுவதில்லை. கையில் கைக்குட்டைக்குள் சுற்றியிருந்த மாலையைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அண்ணா குடிக்கவில்லைதான்.

டொக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். இதை இப்படியே விட்டால் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார்கள், அண்ணா செத்துப்போவார் என்று எனக்குத் தோன்றியது. எதை வைத்துத் தோன்றியது என்று கேட்டால் தெரியாது.

"குடிப்பார்" என்றேன். "ஒவ்வொரு நாளும். காலையிலயும். விரதத்துக்காக இப்பதான் ஒரேயடியா நிறுத்தினவர்."

அண்ணி என் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டார். டொக்டரின் பேனா நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்தினார்கள்.

ஆள் தப்பிய பிறகு அதே டொக்டர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். இப்படி நாள் தவறாமல் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வைத்தியரிடம் வந்து மருந்தோடு நிறுத்த வேண்டும். வருடா வருடம் நிறுத்தியதே அவருக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளம் என்று நாங்கள் நினைத்தோம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார்.

அண்ணி என்னோடு கதைக்காமல் இருந்தது அண்ணா வார்டில் கிடந்த காலம் முழுவதும். "ஊருக்கு முன்னால என்ர மனுசனைக் குடிகாரன் எண்டு சொல்லிப்போட்டா" என்று ரொறன்ரோவுக்கு முறைப்பாடு போனது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவர் தனியாக அந்தக் கம்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

மனநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னபோது அடுத்த பிரச்சினை. "என்னை விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்கிறீங்களோ?" என்று அண்ணா கேட்டார். அண்ணா சிங்களத்தைத் தண்ணி பட்ட பாடாகக் கதைப்பார், துறைமுகத்தில் அதை வைத்தே வாழ்ந்தவர். ஆனால் ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்துக் கூட்டிப்போய் அந்தக் கிளினிக் அறைக்குள் இருத்தியதும் அவருக்கு வாயே திறக்கவில்லை. தமிழில் கதைக்கிற ஆற்றுப்படுத்துநர் வேண்டும் என்று விசாரித்து விசாரித்து, மருதானைப் பக்கம் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். மலையகத்துப் பிள்ளை, அண்ணாவுக்கு மகளாகக்கூடிய வயது. அவர் அண்ணாவிடம் எத்தனை போத்தல் என்று கேட்கவில்லை. காலையில் கண் திறந்ததும் முதலில் என்ன வரும் என்று கேட்டாராம்.

"பயம்" என்று சொல்லியிருக்கிறார் அண்ணா. "ஒரு காரணமும் இல்லாத பயம். பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்து."

இதை அவர் வீட்டுக்கு வந்து எங்கள் இருவருக்கும் சொன்னபோது அண்ணி, "என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். "உமக்கும் பயம் வந்திடும் எண்டு சொல்லேல்லை" என்றார் அண்ணா. அன்றைக்கு அண்ணி எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார். எங்கள் சண்டை அப்படி முடிந்தது.

கிளினிக்கில் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். கிழமைக்கொரு தடவை கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் குடியை விட்டவர்கள் கூடுவார்கள், அங்கேயும் போகத் தொடங்கினார். நான்தான் பஸ் தரிப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போவேன். முச்சக்கர வண்டிக்காரர், ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர், மீன் சந்தை ஐயா, தமிழும் சிங்களமும் கலந்து ஒரே வட்டத்தில். வீட்டுக்காரருக்கு வேறாக ஒரு கூட்டம் உண்டு. அண்ணி முதலில் மாட்டேன் என்றார். பிறகு என்னைவிட ஒழுங்காகப் போனார்.

இடையில் ஒரு தடவை வழுக்கியது. கல்கிசையில் ஒரு கலியாண வரவேற்பு. "ஒண்டுதானே மச்சான், மாலையும் போடேல்லைத்தானே" என்று யாரோ கையில் கிளாசைத் திணித்திருக்கிறார்கள். அடுத்த நாளும் குடித்தார். அதற்கடுத்த நாள் தானே ஃபோன் எடுத்து மருதானைப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். முன்பென்றால் ஒளித்திருப்பார். "மாலை கழுத்தில கிடந்திருந்தா ஆரும் கிளாசை நீட்டியிருப்பினமோ?" என்று அண்ணி உடைந்துபோனார். மருந்தையும் கூட்டத்தையும் அண்ணி நம்பினார்தான், ஆனால் அவருடைய முழு நம்பிக்கையும் இன்னும் அந்த மாலையில்தான் கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த வருடம் கார்த்திகை முதலாம் நாள் காலை ஃபிளாட்டுக்குப் போனேன். அண்ணி குளித்து, விளக்கேற்றி, அந்த மாலையைப் பாலில் கழுவிச் சாமிப் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்திருந்தார். புதுக் கறுப்பு வேட்டி பக்கத்தில். குருசாமிக்கும் சொல்லியாயிற்று. "எனக்கு உங்கட அண்ணாவை வேற எப்பிடிக் காப்பாத்திறதெண்டு தெரியேல்லை" என்றார் என்னிடம், மெதுவாக. "அது கழுத்தில கிடந்தா நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

குளியலறைக் கதவு திறந்தது. அண்ணா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாடை வழுவழுவென்று இருந்தது. தானே வழித்திருந்தார், ஒரு வெட்டுக் காயம் கூட இல்லை. மாலை போடுகிற நாளில் அண்ணா சவரம் செய்வதில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். அவர் தட்டைப் பார்த்தார், அண்ணாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னப்பா இது? மாலை போடேல்லையே?"

அண்ணா தட்டிலிருந்து மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமிப் படத்தின் கழுத்தில் போட்டுவிட்டார்.

"மாலை போட்டா கழட்டிற நாள் ஒண்டு இருக்குதெல்லே" என்றார். "எனக்கு அந்த நாள் வேண்டாம்."

அண்ணி கறுப்பு வேட்டியை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.