ஒன்பதாவது கிலோமீட்டரில் கேட்ட செய்தி

எங்கள் அலுவலகத்தில் எல்லோர் போனிலும் ஒரு செயலி போட்டுவிட்டார்கள். வேலை எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும். எனக்கு ஒரு மாதமாகச் சிவப்பு. அதைப் பச்சையாக்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை திருவண்ணாமலை கிளம்பினேன். பக்தி என்று புளுக மாட்டேன். மனைவி சுமதியையும் கூப்பிட்டேன், உடனே சரி என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். செங்கம் ரோட்டில் அறை, நாளுக்கு 1,200 ரூபாய். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தில் சூடம் ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு கிரிவலம் தொடங்கினோம். மொத்தம் 14 கிலோமீட்டர்.

அக்னி லிங்கம் அருகே சுமதி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். போன் அடித்தது. எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர்கள். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம், அவர்களுக்கு என்ன! நிருதி லிங்கத்தில் மறுபடி ஆரம்பித்தாள். ஒரு ஃபைல் அனுப்ப வேண்டியிருந்தது. நடுவில் செயலி வேறு, நன்றாக நடக்கிறீர்கள் என்று பாராட்டியது.

ஒன்பதாவது கிலோமீட்டரில், அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். மூன்றாவது முறை அவள் வாயைத் திறக்க, என் கை தானாகப் பைக்குள் போனது. டீக்கடை அம்மா கிளாஸை டொக்கென்று வைத்தார்.

"சார், போன் எங்கயும் ஓடிப் போயிடாது. அவங்க ஏதோ சொல்ல வர்றாங்க, கேளுங்க."

சுமதி சொன்னாள். இரண்டு மாதம் முன்பு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. தனியாகப் போய்ச் சோதனைக்குக் கொடுத்து, தனியாகவே பத்து நாள் காத்திருந்திருக்கிறாள்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுங்க. நல்லபடியா வந்தா மலையைச் சுத்தறேன்னு வேண்டியிருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எத்தனையோ வாட்டி ஆரம்பிச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பிறகு போனை அணைத்தேன். குபேர லிங்கத்தில் எல்லோரும் செல்வம் கேட்டு நிற்க, நான் நன்றி மட்டும் சொன்னேன். அவளைக் கொடுத்ததற்கு, விட்டுவைத்ததற்கு.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறினால் தார் ரோடு காலைச் சுடும், ஐந்து மணிக்கே தொடங்குங்கள். பௌர்ணமி கூட்டம் ஆகாதென்றால் வேறு நாளில் வாருங்கள். போனை அறையிலேயே பூட்டிவிடுங்கள். வேலை நம்மை எவ்வளவு தின்கிறது என்று பார்க்கச் செயலி வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர் ஒரே பேச்சை எத்தனை முறை ஆரம்பிக்கிறார் என்று எண்ணுங்கள், போதும்.

அறைக்கு வந்து போனைத் திறந்தால், செயலி பச்சை. இன்றைய ஓய்வு எப்படி இருந்தது என்று கேட்டது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுமதியின் காலுக்கு எண்ணெய் தேய்க்கப் போனேன்.