இரண்டு விசில்

"உங்க அண்ணன் பூட்டாரு தம்பி. வாசப்படிகிட்ட வுழுந்தாரு, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல." அண்ணி போனில் சொன்னது இவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏழுமலை அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவரைத் தெரியும். பதினோரு வருடம் நான் அவருக்குக் கண்டக்டர். மலைப்பாதையில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். "கண்ணு ரோட்டுக்கு, காது உனுக்கு" என்பார்.

ஓய்வு பெற்றபின் முதலில் கை நடுங்கியது. பிறகு கால். நன்றாக நடந்துகொண்டே வருவார், வாசற்படி வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். நடுக்குவாதம் என்றார் டாக்டர். காலில் பலம் இருக்கிறதாம், நடக்கச் சொல்லி மூளை போடும் உத்தரவுதான் சரியாகக் கிளம்பவில்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் சிரித்தார். "காலு நல்லாத்தான் கீது. நான் சொன்னா கேக்கல. யாரு சொன்னா கேக்குமோ!"

ஒருநாள் அவர் அப்படி நின்றபோது, கிண்டலுக்குத்தான், சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன். கால் கிளம்பிவிட்டது! படியைத் தாண்டித் தெருமுனை வரை போனார். அண்ணி அழுதுவிட்டார். வெளியிலிருந்து வரும் சத்தம் மூளையில் வேறு வழியாகப் போய்க் காலை எழுப்பக்கூடும் என்றார் டாக்டர். அண்ணன் மூளை, அண்ணன் கால். நடுவில் என் விசிலுக்கு என்ன வேலை? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதன்பின் வாரம் இரண்டு நாள் டியூட்டி முடிந்ததும் போய் ஊதினேன். "விசில இங்கியே வெச்சிட்டுப் போயேன், உங்க அண்ணி ஊதட்டும்" என்றார் ஒருமுறை.

"கண்டக்டர் விசில் கைமாறக் கூடாதுண்ணே."

"அதுவும் நாயந்தான்" என்று விட்டுவிட்டார். கடையில் இன்னொன்று வாங்கலாம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஊதினால்தான் அந்தக் கால் கேட்கும் என்ற பெருமை வேறு எனக்கு.

போன வாரம் டபுள் டியூட்டி, போக முடியவில்லை. "நீ வர்றியான்னு பாத்துக்கினே நின்னாரு தம்பி" என்றார் அண்ணி, சாவு வீட்டுக்கு நான் போனதும். அதில் குற்றம் சொல்லும் குரலே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விசில் அந்த வீட்டில் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாரா? டாக்டரைக் கேட்டேன். விழாமல் இருந்திருக்கலாம், இருந்தும் விழுந்திருக்கலாம் என்றார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். என் கை சட்டைப்பைக்குப் போனது. ஊதவில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, அவர் கேட்டும் நான் கொடுக்காத அந்த விசில்தான்.