பேய்க் கட்டத்து இசை

மகளின் போனிலிருந்து அந்த இசை வந்ததும் என் கை தானாகத் தலைக்குப் போனது. நான் சிறுவயதில் ஆடிய வீடியோ கேமைப் புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேம் கடை இருந்தது. லோடு இறக்கப் போகும் அப்பா, திரும்பி வரும்வரை என்னை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார். கடைசிக் கட்டத்தில் இந்த இசை அலறும். கன்னங்கரிய முகமும் தடித்த உதடுமாக ஒரு பேய் வரும். அது வருவதற்குமுன் என் மண்டையில் ஓங்கி அடித்தால் ஜெயிக்கலாம் என்பது அங்கே ஆடும் பையன்களின் ராசி. ஏனென்றால் கடையிலேயே நான்தான் கறுப்பு. கடைக்கார அண்ணன் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் பயத்தில் சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டோரம் நின்று, முகமெல்லாம் தூசியில் வெளுத்தபிறகு உள்ளே போனேன்.

"பேய் பவுடர் போட்டுட்டு வந்துருக்குடா!" என்று கத்திய என் மாமன் மகன் செல்வம், துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அடித்தான்.

அதே செல்வம் இப்போது என் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

"கேமையே கெடுத்துட்டானுவ மாப்ள. பேயை நீலமா மாத்திட்டானுவ. பழசுல கை வைக்கலாமா?"

"பழசு எப்புடி இருந்துச்சு மாமா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கும் என் நிறம்தான். செல்வம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"வாயத் தொறந்த, பல்லு இருக்காது" என்று செல்வத்திடம் சொன்னேன்.

பேயின் நிறத்தை மாற்றியது சரிதான். ஆனால் இசையை ஏன் விட்டுவைத்தார்கள்? போனில் இன்னும் அலறிக்கொண்டிருந்த அது முடியும்வரை மகளின் தலையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன்.