இறங்காத பெடல்

என் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வண்டியை அவர் கிளப்புகிற விதமே தனி. ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் தொடமாட்டார். முதலில் பிரேக்கை நாலைந்து முறை மிதிப்பார். மிதிக்க மிதிக்கப் பெடல் விறைத்துக்கொள்ளும். விறைத்த பெடல்மேல் காலை அழுத்தி வைத்தபடியே சாவியைத் திருப்புவார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பிரேக் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். "முழிச்சிட்டான்" என்று வண்டியைத் தட்டிக்கொடுப்பார். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் இதைச் செய்யாத டிரைவரை அவர் மனுஷனாகவே மதித்ததில்லை.

கறாரான ஆள். வேனுக்குள் யாராவது எழுந்து நின்றால் போதும், தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'உர்ர் அங்கிள்' என்றுதான் சொல்லும். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான். வீட்டிலும் அதே உறுமல்தான் என்பதால் எங்களுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலையில் நான் பின் சீட்டில் இருந்தேன். பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில் என்னை வேலைக்கு இறக்கிவிடுவது அவர் வழக்கம். இன்ஜின் ஓடத் தொடங்கியது, அவர் தட்டிக்கொடுக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி மிதித்தார், மறுபடி சாவியைத் திருப்பினார்.

"கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

"ஓடுறப்போ புடிக்குதா?"

"ஓடுறப்போ புடிக்குது. கெளப்புறப்போ அசைய மாட்டேங்குது. இன்னிக்கு கெளப்புறப்போ நிக்கிறது நாளைக்கு ரோட்டுல நின்னா? பின்னாடி உக்காந்திருக்கிறது எல்லாம் ஊரான் பெத்த புள்ளைங்க."

அன்றே வண்டியை மாமாவிடம் கொண்டுபோனார். மாமா அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்பாவிடம்தான். அதனால் அப்பாவின் கால்மேல் அவருக்கு ஒரு பக்தி. மிதிக்கிற காலுக்குக் கைகொடுக்க இன்ஜின் பக்கத்தில் பூஸ்டர் என்று ஓர் உருண்டை இருக்கும். அது வேலைசெய்யாவிட்டால் பெடல் இறங்காது. மாமா அப்பாவை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து அதன்மேல் காதை வைத்துக் கேட்டார். பூஸ்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் முடிபோல ஒரு வெடிப்பு கிடைத்தது. "கண்டுபுடிச்சிட்டேன் அத்தான்" என்று குதித்தார். குழாயை மாற்றினார்.

மறுநாளும் பெடல் இறங்கவில்லை என்றார் அப்பா.

மாமா குழாயின் நுனியில் இருந்த வால்வை மாற்றினார். இறங்கவில்லை. கடைசியில் பூஸ்டரையே கழற்றிப் புதுசு போட்டார். இறங்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா இல்லாத நேரத்தில் மாமா தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்திருக்கிறார். அவர் காலுக்குப் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியிருக்கிறது. வேறு எவனாவது வண்டிக்காரன் என்றால் "போய்யா, உனக்குப் பிரமை" என்று அனுப்பியிருப்பார். அத்தான் சொன்னதால் தன் காலைச் சந்தேகப்பட்டார். "அவர் காலுக்குத் தெரியறது நமக்குத் தெரியாதுக்கா" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். மரியாதை இருக்க வேண்டியதுதான், அதற்கென்று இப்படியா?

அப்பாவுக்குச் சந்தேகம் முற்றியது. வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். கோளாறே இல்லை என்றார்கள். திருட்டுப் பசங்க என்று திட்டிவிட்டு வந்தார். பள்ளிக்கூட மேனேஜரிடம் போய் வேறு வண்டி கேட்டார். "வண்டி சரியில்லைன்னா சொல்லுங்க, வேற டிரைவர் பாத்துக்கறோம்" என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பு அப்பாவைத் தின்றது. வேனை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. இரவு சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு கால் செருப்போடு வீட்டுக்குள் வந்து நிற்பார், இன்னொன்று வாசலிலோ தெருவிலோ கிடக்கும். "நெனப்பெல்லாம் அந்தப் பெடல்லயே இருந்தா செருப்பு எங்க தெரியும்?" என்று அம்மா எடுத்துவந்து போடுவாள். சர்க்கரை மாத்திரையை விழுங்கினாரா என்று கேட்டால் அதற்கும் உறுமல்தான்.

விடுமுறை நாளில் மாமா மறுபடி வரச்சொன்னார். நானும் கூடப் போனேன். ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை. மாற்ற இனி ஒரு சாமானும் மிச்சமில்லாததால் மாமா அன்று பானெட்டைத் திறக்கவில்லை. பெடல் மாட்டியிருக்கிற ஆணி இறுகியிருக்குமோ என்று பார்க்க, டார்ச்சோடு டிரைவர் கதவுப் பக்கம் குந்தினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"மிதிங்க அத்தான். அப்படியே புடிங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் ஓடத் தொடங்கியது. அப்பாவின் காலணிக்கு அடியில் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகப் பார்த்தேன்.

"பாத்தியா மச்சான்? அசையவே இல்ல" என்றார் அப்பா, நேராகப் பார்த்தபடி.

மாமா அணைத்துவிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பெடல் மறுபடி இறங்கியது.

"என்னடா பாத்துட்டே இருக்க? என்ன கோளாறுன்னு சொல்லு."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வாய் சும்மா இருக்காதது எனக்குத்தான்.

"இறங்குதுப்பா" என்றேன்.

"எது?"

"பெடல். நல்லா இறங்குது. உங்க காலுக்குத்தான் தெரியல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தார். தானே நாலைந்து முறை மிதித்தார். இந்தத் தடவை குனிந்து, தன் காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்பினார். பெடலும் அதன்மேல் இருந்த காலும் சேர்ந்து கீழே போயின. யாரோ மூன்றாம் மனுஷன் காலைப் பார்ப்பது போல அவர் அதையே பார்த்தார்.

"நேத்து மழையில புள்ளைங்கள ஏத்திட்டு வந்தேன் மச்சான்."

"ஒண்ணும் ஆகலையே அத்தான்."

"எல்லாரையும் ஏத்திட்டு வந்தேனே..."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. மாமா கையை உள்ளே நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"டாக்டர்கிட்ட போலாம். பிரேக்ல இருந்து கால எடுத்துட்டு இறங்குங்க அத்தான்."

"எடுத்துட்டேன்டா" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் பிரேக்மேல்தான் இருந்தது.